நான்காம் மாடியில் முத்திரை வைத்த அறை

இருபது ஆண்டு வக்கீல் வாழ்க்கையில் நான் தொட்ட முதல் முத்திரை இது. நகத்தின் நுனியால்தான் தொட்டேன், அதுவும் ஒரு நொடி. இப்போது மணி ஏழு இருபத்தைந்து. பாரிசுக்கு வெளியே, தயிர்க் கிண்ணம் செய்கிற ஒரு கம்பெனியின் நான்காம் மாடியில், பூட்டிய அறைக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நாலைந்து கம்பெனிகள் கூடிப் பேசி ஒரே விலை வைத்துவிட்டார்கள் என்று புகார். நேற்றுக் காலை அரசாங்கத்தின் வியாபாரப் போட்டி ஆணையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். அவர்கள் எடுத்துவைத்த நாலு கம்ப்யூட்டரும் பதினோரு பெட்டிக் காகிதமும் உள்ளே இருக்கின்றன. சாயங்காலத்துக்குள் வேலை முடியவில்லை. அதனால் கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே நீலப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு, நாளை ஒன்பது மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை யாராவது பிரித்தால், பிரித்த மாதிரி இருந்தால்கூட, கம்பெனிக்கு ஆண்டு விற்பனையில் நூற்றில் ஒரு பங்கு வரை அபராதம் விழலாம். ஆகவே கம்பெனி சார்பில் ஒரு ஆள் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு மணி வரை காவலாளி, அதற்கப்புறம் வக்கீல், அதாவது நான். இந்த வழக்கத்தை எழுதிவைத்ததே நான்தான். எங்கள் அலுவலகத்தில் 'திடீர்ச் சோதனை வந்தால்' என்று பதினாறு பக்கக் குறிப்பு ஒன்று உண்டு. அதில் ஒன்பதாம் பக்கத்தில், முத்திரைக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குள் யாரும் வரக்கூடாது என்று தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு மீட்டர் என்று எதை வைத்து எழுதினேன் என்று இப்போது யோசிக்கிறேன். யாரும் என்று எழுதியபோது என்னைத் தவிர என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும்.

பட்டையின் கீழ் மூலை முதலிலேயே கொஞ்சம் தூக்கியிருந்ததா? தூக்கியிருந்த மாதிரிதான் இருந்தது. ஏழு இருபதுக்குக் கால் மரத்துப்போய் எழுந்தேன், இரண்டு அடி நடந்தேன், குனிந்தேன். இந்தப் பட்டையைப் பற்றி மூன்று வழக்குகளில் எழுதியிருக்கிறேன். பிரித்தால் உள்ளே மறைந்திருக்கும் வெள்ளை எழுத்துகள் வெளியே தெரியும், திரும்ப ஒட்டினாலும் மறையாது. பசையின் வயது, அறையின் ஈரம், துடைக்கிற திரவம் என்று எது எதுவோ அதைப் பாதிக்கும் என நிபுணர்கள் சொன்னதையெல்லாம் நாற்பது பக்க வாதமாக்கியிருக்கிறேன். ஆனால் அது கைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஸ்டிக்கர் மாதிரியா, பிளாஸ்திரி மாதிரியா. வழவழப்பா, சொரசொரப்பா. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது, கை போய்விட்டது. மூலையை அழுத்திவிடத்தான் போனேன் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அழுத்தத்தானே போனேன்? இல்லை. அழுத்தப் போகிறவள் விரலின் சதையை வைப்பாள், நான் நகத்தை வைத்தேன். பிளாஸ்திரி மாதிரிதான் இருந்தது, ஆனால் அதைவிட விறைப்பு. இரண்டு வெள்ளை எழுத்துகள் எட்டிப்பார்த்தன. அவசரமாக அழுத்தினேன். போகவில்லை. நிபுணர்கள் சொன்னது சரிதான், திரும்ப ஒட்டினாலும் மறையாது. பயம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது ஒரு திருப்தி. இதை யாரிடம் போய்ச் சொல்வது. அப்புறம்தான் நடைபாதையின் இரு கோடியையும் பார்த்தேன். திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். பார்க்க ஆளே இல்லாத நடைபாதையில் அப்படி யாருக்காக உட்கார்ந்தேன் என்பதும் எனக்குப் புரியவில்லை.

உனக்கு எதையும் தொறந்து பாக்கலன்னா சோறு எறங்காதா பெர்னதெத், என்று அம்மா கேட்பாள். அவள் கேட்டது மளிகைப் பொட்டலங்களைப் பற்றி. எனக்குப் பொட்டலத்தைவிடக் கடிதங்கள்மேல்தான் ஆசை. புதுச்சேரியில் குருசுகுப்பத்தில் எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் ஏழெட்டு இருந்தன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைத்தான் அப்படிச் சொல்வோம். அவர்களுக்குப் பிரான்சிலிருந்து கடிதம் வரும், படிக்கத் தெரிந்த பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற நான் தெருவில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பேன். பதினோரு வயதில் அந்தத் தெருவின் எல்லா வீட்டு விஷயமும் எனக்குத் தெரியும். சூசையம்மா என்று ஒரு சொல்தாவின் விதவை, மீன் ஆய்ந்துகொண்டே ஒரு கடிதத்தை நீட்டினார். 'படி, என்ன கேக்குறானுங்கன்னு சொல்லு.' இறந்துபோனவரின் மனைவி நான் என்று தொலைதூரப் பிரெஞ்சுத் தீவு ஒன்றின் நூமேயா நகரத்திலிருந்து வேறொரு பெண்ணும் விண்ணப்பித்திருக்கிறார், விளக்கம் தேவை, என்று எழுதியிருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். 'போட்டோ ஒண்ணு அனுப்பணுமாம்' என்றேன். அனுப்பினார். அப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம். அந்த அம்மா இறந்து வெகுநாளாகிவிட்டது. அந்தத் தீவுப் பெண்ணின் பெயர் மட்டும் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. என்ன ஒரு வேண்டாத ஞாபகம்.

இந்தப் பழக்கத்துக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று பாரிசுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முதல் வேலையே அடுத்தவர் மின்னஞ்சலைப் படிப்பதுதான். ஒரு நாளைக்கு எண்ணூறு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும்: வழக்குக்கு வேண்டியது, வக்கீலோடு பேசியது, சொந்த விஷயம். சொந்த விஷயம் என்று தெரிந்ததும் அதற்குமேல் ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது, அதுதான் விதி. டயர் கம்பெனி அதிகாரி ஒருவர் தன் மகனுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த பதினான்கு கடிதங்கள் ஒருநாள் வந்தன. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பதினான்கையும் படித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு போன் பண்ணி அப்பாவோடு பேசினேன், எதற்குப் பண்ணினாய் என்று அவர் கேட்டதற்குச் சும்மாதான் என்றேன். மொழிகளும் அப்படித்தான் சேர்ந்தன. என் ஜெர்மன் முழுக்க உருக்கு ஆலைக்காரர்களின் ஜெர்மன், அதில் தள்ளுபடியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன், ஒரு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் சொல்ல வராது. என் டச்சு லாரிக்காரர்களுடையது. ஸ்பானிஷ் பால்பண்ணை முதலாளிகள் கற்றுக்கொடுத்தது. அப்புறம் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்தவர் விஷயத்தைத் தேவைக்கு மேல் பார்க்காதே, வைத்துக்கொள்ளாதே என்று சொல்கிற சட்டம். அலுவலகத்தில் எல்லோரும் மிரண்டு ஒதுங்கியபோது நான் எடுத்துக்கொண்டேன். திருடனிடமே சாவியைக் கொடுத்த மாதிரி என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த வேலையை நன்றாகத்தான் செய்தேன். எங்கே எல்லாம் எட்டிப்பார்க்கத் தோன்றும் என்று எட்டிப்பார்க்கிறவளுக்குத்தானே தெரியும்.

இதோ, மேலே பார்த்தால் கூரையில் இரண்டு திருகாணி ஓட்டைகள். இரண்டு ஆண்டுக்கு முன்னால் அங்கே ஒரு கேமரா இருந்தது. நடைபாதையில் வேலைக்காரர்களை நாள் முழுக்கப் படம் பிடிப்பது முறையா என்று இதே கம்பெனி கேட்டது. முறையில்லை என்று எழுதிக்கொடுத்தேன், கழற்றிவிட்டார்கள். வந்துபோகிற வெளியாட்களின் பெயரை அட்டையில் பதிய வேண்டாம் என்றும் நான்தான் எழுதினேன். ஆகவே இன்று காலை பெர்னதெத் என்று ஒருத்தி இங்கே குனிந்தாள் என்பதற்கு இந்தக் கட்டடத்தில் சாட்சி கிடையாது. துப்புரவு ஆட்களின் அட்டையைப் பற்றி மட்டும் என்னிடம் யாரும் கேட்கவில்லை, அது வேறு கம்பெனியின் அட்டை. ஒவ்வொரு மாடியிலும் அதைக் காட்டினால்தான் கதவு திறக்கும், நிமிஷத்தோடு பதிவாகும். நான்காம் மாடி, ஆறு நாற்பத்திரண்டு. அது தவமலர் அக்கா.

அக்கா என்று நானாகத்தான் கூப்பிடுகிறேன், இன்று காலைதான் பழக்கம். தங்கைக்கு போனில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். 'தமிழோ? ஏழு வருசமா இந்தக் கட்டடத்துக்கு வாறன், விடியக்காலமை ஒருநாளும் தமிழ் கேட்டதில்லை' என்றார். 'ஆமாங்க்கா, பாண்டிச்சேரி' என்றேன். 'அப்ப உங்களுக்குப் பிரெஞ்சு தண்ணி மாதிரி வரும். எனக்கு வணக்கம் சொல்லுவன், நன்றி சொல்லுவன், குப்பை எங்கை எண்டு கேப்பன். அவ்வளவுதான் பிள்ளை.' பையிலிருந்து ஒரு சீனிப் பணிஸ் எடுத்துப் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். பன்னைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். எனக்கோ கேள்விகள் வரிசைகட்டி நின்றன. ஊர் எது, எப்போது வந்தீர்கள், கணவர் எங்கே. சாவகச்சேரி. இருபத்தோராவது வருசம். 'அவர் இல்லை' என்று மட்டும் சொன்னார், அதில் எந்த இல்லை என்று நான் கேட்கவில்லை, கேட்க ஆசையாகத்தான் இருந்தது. கதவைப் பார்த்து, 'உந்த நீலம் ஒட்டினதுக்குக் கிட்டப் போகக்கூடாதெண்டு சூப்பர்வைசர் ராத்திரியே போன் பண்ணிச் சொன்னவர். நான் இந்தப் பக்கச் சுவரையே தொடமாட்டன்' என்றார். அதே மாதிரி எதிர்ச் சுவரை மட்டும் துடைத்தார். துடைத்துக்கொண்டே, முன்பு வேலை பார்த்த கட்டடத்தில் ஒரு லாப்டாப் காணாமல் போன கதையைச் சொன்னார். 'என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை. அடுத்த கிழமை வேற இடத்துக்கு மாத்திப்போட்டினம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்.' வருகிற மாதம் பிரான்சில் தங்குவதற்கான அவருடைய குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், முதலாளி தருகிற வேலைக் கடிதம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஏழு பத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் போய்ப் பத்து நிமிஷம் கழித்துத்தான் நான் எழுந்தேன். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன் அடிக்கிறது. திபோ. எங்கள் அலுவலகத்தின் பங்குதாரர், இந்த வழக்கில் எனக்கு மேலே இருப்பவர். நல்ல மனிதர், பிறந்தநாளை மறக்காதவர். 'கதவு எப்படி இருக்கிறது?' என்றார். எல்லாம் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்பது மணிக்கு எப்படியும் தெரிந்துவிடும். 'கீழ் மூலை கொஞ்சம் தூக்கியிருக்கிறது, இரண்டு எழுத்து தெரிகிறது' என்றேன். 'யாராவது வந்தார்களா?' 'துப்புரவு செய்கிற அம்மா.' 'எத்தனை மணிக்கு?' 'ஆறு நாற்பது, நாற்பத்திரண்டு.' மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. 'எழுதி அனுப்புங்கள், இரண்டே வரி போதும். நடந்ததை மட்டும் எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.' நீங்கள் தொட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எழுதினேன். 'ஆறு நாற்பத்திரண்டுக்குத் துப்புரவுப் பணியாளர் நடைபாதைக்கு வந்தார். அதன் பிறகு, முத்திரையின் கீழ் மூலை உயர்ந்திருப்பதைக் கண்டேன்.' இரண்டும் உண்மை. ஒரு எழுத்து பொய் கிடையாது. ஏழு ஐம்பத்தாறுக்கு அனுப்பிவிட்டேன்.

விரல் இவ்வளவு வேகமாக எழுதும் என்று எனக்கே தெரியாது. நாற்பத்து மூன்று வயதில் நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதது இன்னும் இருக்கிறதே என்று பார்க்கிறேன், ஏதோ வேறொருத்தியின் மின்னஞ்சலைப் படிக்கிற மாதிரி. என் தொழிலே இந்த மாதிரி இரண்டு வரிகளை எதிர்ப்பதுதான். ஆணையம் எழுதும்: மார்ச் மூன்றாம் தேதி நான்கு கம்பெனி அதிகாரிகளும் லியோனில் ஒரே ஓட்டலில் தங்கினார்கள். மார்ச் பத்தாம் தேதி நான்கு கம்பெனியிலும் விலை ஏறியது. அதற்குமேல் ஒன்றும் எழுத மாட்டார்கள், எழுதத் தேவையும் இல்லை, படிக்கிறவர் தானே சேர்த்துக்கொள்வார். நான் எழுந்து நின்று, அடுத்தடுத்து நடந்தது என்பதாலேயே இதனால் அது என்று ஆகிவிடாது, என்று ஒவ்வொரு வழக்கிலும் சொல்வேன். பாதி வழக்குகளில் ஜெயித்திருக்கிறேன். அதையெல்லாம் சொன்ன வாய் இன்று ஆறு நாற்பத்திரண்டு என்கிறது. மூன்றாவது வரி ஒன்று இருக்கிறது. ஏழு இருபதுக்கு நான் மூலையை நகத்தால் தூக்கினேன். போனில் அடித்துப் பார்த்தேன். அழித்தேன். வருகிற வியாழக்கிழமை என்னைப் பங்குதாரராக எடுப்பதா வேண்டாமா என்று அலுவலகத்தில் ஓட்டு. தயிர்க் கிண்ணக் கம்பெனி என்மேலேயே வழக்குப் போடலாம். இவளா முத்திரை நிபுணி என்று பாரிஸ் முழுக்கச் சிரிப்பார்கள், அதுதான் எல்லாவற்றையும்விடக் கூசுகிறது. அந்தப் பக்கம் என்ன? ஒரு வேலைக் கடிதம். அவருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்க்கிறேன். பணியாளர் தெரியாமல் துணியால் உரசிவிட்டார் என்று எழுதுவோம், அபராதம் குறையலாம், அவரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், வேறு கட்டடத்துக்கு மாற்றுவார்கள். சொல்லும்போதே காது சுடுகிறது. மறுபடியும் அடித்தேன். அழித்தேன். அரை பணிஸ் இன்னும் கைப்பையில் இருக்கிறது, காகிதத்தில் சுற்றி. சாப்பிட்டுவிடலாம் என்று எடுத்தேன், முடியவில்லை. எட்டு பத்து, எட்டு இருபத்தைந்து, எட்டு நாற்பது. ஆட்கள் வேலைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள், நடைபாதையின் அந்தக் கோடியிலேயே நின்று என்னை எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவர்களைப் போலவே நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு லிஃப்ட் திறக்கிறது. முதலில் அதிகாரி, மதாம் கெர்வெல்லா, சாம்பல் கோட்டு. பின்னால் அவருடைய ஆட்கள் இரண்டு பேர். பின்னால் திபோ. திபோவுக்குப் பின்னால், கோட்டுப் போட்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, தவமலர் அக்கா. எட்டு மணிக்கு வேலை முடிந்து போக வேண்டியவர். திபோ பார்த்துக்கொள்கிறேன் என்றது இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைக்கிறது, கீழே வாசலில் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. 'நீங்கள் இருக்கிறியள், நல்லதாப் போச்சு. இவை என்ன கேக்கினம் எண்டே விளங்கேல்லை' என்றார். அதிகாரி குனிந்து டார்ச் அடித்து மூலையைப் பார்த்தார், தொடவில்லை. நிமிர்ந்து பதிவுத்தாளை எடுத்தார். 'இவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். முறைப்படி வேறு மொழிபெயர்ப்பாளர் வர வேண்டும், மதியமாகிவிடும். நீங்கள் இவருடைய மொழி பேசுவீர்களாமே?' திபோ என் பக்கம் திரும்பவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசுவேன் என்றேன். 'முத்திரையைத் தொட்டாரா என்று கேளுங்கள்.' கேட்டேன். 'அக்கா, அந்த நீலப் பட்டைய நீங்க தொட்டீங்களான்னு கேக்குறாங்க.' அவர் யோசிக்கவே இல்லை. 'நான் ஏன் பிள்ளை தொடப்போறன்? நான் தொடேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள்தானே இஞ்சை இருந்தனீங்கள். சொல்லுங்கோவன்.' சுருக்கிச் சொல்லலாம். 'இல்லை என்கிறார்' என்று இரண்டே சொல்லில் முடிக்கலாம், மறுக்கத்தானே செய்வார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். வாய் திறந்தேன். என் பிரெஞ்சு எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. 'தொடவில்லை என்கிறார். தொடவில்லை என்பது எனக்குத் தெரியும் என்கிறார். அது உண்மை. ஏழு இருபதுக்குத் தொட்டது நான்.' திபோ என் பெயரை மெதுவாகச் சொன்னார். அதிகாரி எழுதத் தொடங்கினார். எதற்காகத் தொட்டீர்கள் என்று கேட்டார், எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக என்றேன், ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதினார். 'என்ன பிள்ளை சொன்னனீங்கள்? எல்லாரும் ஏன் உங்களையே பாக்கினம்?' என்றார் தவமலர் அக்கா. 'நான்தான் தொட்டேன்னு சொன்னேங்க்கா.' அவர் கதவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். 'அப்ப ஏன் என்னை ஒரு மணித்தியாலமாக் கீழை இருத்தி வைச்சிருந்தவை?' என்று கேட்டார், கோபமாகக்கூட இல்லை, மணி கேட்கிற குரலில். அதிகாரி பேனாவை நிறுத்தினார். 'என்ன சொல்கிறார்?' ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி அந்தக் கேள்வியை அப்படியே எழுதி, அதற்குக் கீழே பதிலுக்கு இடம் விட்டுவிட்டு, என்னைப் பார்த்தார்.